எப்போது கசியத் தொடங்கியது?

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகளுக்கு,

உங்கள் முன்னால் வந்து நின்று பேசச் சொல்லி ஒஃபிஸிலிருந்து கேட்டார்கள். நாலு பேர் பார்த்தால் எனக்கு வாய் வராது. எழுதித் தருகிறேன், யாராவது வாசித்துக் காட்டுங்கள் என்று சொன்னேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் வாசிக்கிறவர் திருத்திக்கொள்ளட்டும்.

நோயாளியைக் கட்டிலிலிருந்து எப்படி எழுப்புவது, வோக்கரை எங்கே வைப்பது, ஐஸ் பையை எவ்வளவு நேரம் வைப்பது எல்லாம் பயிற்சியில் காட்டுவார்கள். அதை நான் எழுதவில்லை. முழங்கால் மாற்றி ஒப்பரேசன் செய்த ஆட்களை வீட்டில் வைத்துப் பார்க்கும்போது காலை மடக்கிப் பழக்குவது பெரிய விஷயமில்லை. நோகும், நம்மை ஏசுவார்கள், பிறகு மடங்கும். பயப்பட வேண்டியது வேறு. உள்ளே வைத்த இரும்பில் கிருமி பிடிப்பது. எல்லாருக்கும் வருவதில்லை. வந்தால் லேசில் போகாது.

முதலில் ஒரு சின்ன விஷயம். கொழும்பில் நாம் பல வீடுகளுக்குப் போகிறோம். வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் தையல் போட்ட இடத்தில் திருநீறு பூசப் பார்த்தார்கள். மாளிகாவத்தையில் ஒரு வீட்டில் ஓதிய தண்ணீர் வைத்திருந்தார்கள். கொட்டாஞ்சேனையில் தேவாலயத்து எண்ணெய். மூன்றையும் நான் பார்த்திருக்கிறேன். இதில் சண்டைக்குப் போகாதீர்கள். "மற்றக் காலுக்குப் பூசுங்க" என்று சொல்லுங்கள். வெள்ளவத்தை அம்மா என்னிடம் கேட்டார்: "ஏன் பாக்கியம், சாமிக்கு எந்தக் கால் எண்டு தெரியாதோ?" நான் சொன்னேன்: "சாமிக்குத் தெரியுங்கம்மா. எந்தக் காலுல பூசினாலும் கண்டுபிடிச்சிக்கும்." அவர் சிரித்துவிட்டு மற்றக் காலில் பூசினார். அந்தப் புண் ஆறியது.

எல்லாம் இப்படிச் சிரிப்போடு முடிவதில்லை. எமிலி அம்மாவின் கதையைச் சொல்கிறேன். அவருடைய உண்மைப் பெயர் அது இல்லை.

கொட்டாஞ்சேனையில் ஒரு ஒழுங்கைக்குள் சின்ன வீடு. எமிலி அம்மா வீட்டிலேயே கேக் செய்து விற்றவர். காலம் முழுக்க நின்று வேலை செய்து முழங்கால் தேய்ந்துவிட்டது. புருஷன் துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பாரிசவாதம் வந்து அவருக்கு வலது பக்கம் விழுந்து, பேச்சும் போய்விட்டது. நாம் பேசுவது விளங்கும், பதில் சொல்ல வராது. ஐயா என்றுதான் நான் அவரைக் கூப்பிட்டேன். ஒரே மகன் அன்ரன். கல்யாணம் செய்து வெள்ளவத்தையில் ஒரு ஃபிளாட்டில் இருந்தார். இவ்வளவு பேர்தான்.

ஐயா எமிலி அம்மாவின் கையால் மட்டும்தான் சாப்பிடுவார். நான் போன முதல் நாளே அம்மா அதைச் சொல்லிவிட்டார். கரண்டியைக் கண்டால் ஐயா வாயை இறுக்கி மூடுவார். என் கையைக் கண்டாலும் அப்படித்தான். அம்மா சோற்றைக் குழைத்து நீட்டினால் கண்ணைக்கூடத் திறக்காமல் வாயைத் திறப்பார். ஒப்பரேசனுக்காக அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த கொஞ்ச நாளும் ஐயா தேத்தண்ணியிலும் கரைத்த சத்துமாவிலும்தான் கிடந்தார். அம்மா வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, வோக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே அவருக்குச் சோறு ஊட்டினார். இரு என்றால் கேட்கமாட்டார்.

"நீ என்ர காலைப் பார். நான் இவரைப் பாக்கிறன்" என்பார்.

காலும் நல்லபடியாகத்தான் வந்தது. தையல் வெட்டினார்கள். புண் காய்ந்து கோடாக நின்றது. வோக்கரை விட்டுவிட்டுத் தடி பிடிக்கத் தொடங்கினார். எனக்கு அந்த வீட்டில் இனி அதிக நாள் இல்லை என்று நினைத்தேன்.

நான் லீவில் நின்ற ஒரு செவ்வாய்க்கிழமை அம்மா ஓட்டோ பிடித்துத் தேவாலயத்துக்குப் போயிருக்கிறார். ஒப்பரேசன் சரிவந்தால் வாசலிலிருந்து பீடம் வரைக்கும் முழந்தாளில் வருவேன் என்று நேர்த்தி வைத்திருந்தாராம். அதைச் செய்துவிட்டார். புதிதாக மாற்றிய முழங்காலில், அந்தத் தரையில்.

மறுநாள் நான் போனபோது அவருடைய கவுனில், முழங்கால் படும் இடத்தில், ஒரு சின்னக் கறை. இரத்தமில்லை. வெளிர் மஞ்சள். வடுவின் நடுவில் தோல் உரசிப் பிரிந்திருந்தது.

"எங்கயாச்சும் விழுந்தீங்களாம்மா?"

"விழேல்ல."

"அப்ப?"

"கோயிலுக்குப் போனனான்" என்றார். பிறகு மெதுவாக மிச்சத்தையும் சொன்னார். "இதை ஒருத்தருக்கும் சொல்லாத. அந்த டொக்டர் அறிஞ்சால் என்னைத் திரும்ப ஆஸ்பத்திரியில படுக்க வைச்சிடுவார்."

கிளினிக்குக்குப் போகலாம் என்றேன். உரசின காயம், காய்ந்துவிடும் என்றார். அன்று மதியமே அன்ரன் தம்பிக்குக் கோல் எடுத்து, வடுவில் இருந்து நீர் கசிகிறது என்று சொன்னேன். அவர் மாலையில் வந்தார். வரும்போதே கையில் பார்மசிப் பை. அவருடைய கூட்டாளி யாரோ சொன்ன அன்ரிபயோட்டிக் குளிசை. கடையில் ஒன்றும் கேட்காமல் கொடுத்திருக்கிறார்கள். நம் ஊரில் இது உங்களுக்குத் தெரியும். பாண் வாங்குகிற மாதிரி வாங்கிவிடலாம்.

"தம்பி, டொக்டர்கிட்டக் காட்டிட்டுக் குடுக்கலாங்களே."

"அடுத்த மாசம் கிளினிக் இருக்குத்தானே அக்கா. இது போட்டா நிண்டிடும்."

நின்றுவிட்டது. அதுதான் இதில் மோசம். குளிசை போட்டதும் கசிவு நின்றது. தோலும் மூடியது. அம்மா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், பார்த்தியா என்கிற மாதிரி. ஆனால் அந்தக் கால் மற்றக் காலைவிடச் சூடாகவே இருந்தது. மாலையில் உடம்பும் கொஞ்சம் காயும். மடக்கிப் பழக்கும்போது முந்தி வலித்த இடம் வேறு, இப்போது வலிக்கிற இடம் வேறு. இதையெல்லாம் ஒவ்வொரு முறையும் நான் தம்பிக்குச் சொன்னேன். "வயசு, அக்கா" என்றார்.

அப்படியே சில கிழமைகள் போய்விட்டன. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா எழும்பி உட்கார்ந்தபோது வடு அதே இடத்தில் திறந்துகொண்டது. இந்த முறை சீழ். மணமும் இருந்தது. அம்மாவுக்கே தெரிந்துவிட்டது. தம்பியும் பயந்துவிட்டார். திங்கட்கிழமை மூன்று பேருமாக, ஒப்பரேசன் செய்த டொக்டரிடம் போனோம். ஐயாவைப் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தோம். ஓட்டோவில் அம்மா வழி முழுக்க ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், அதுவும் தம்பியிடம்: "மத்தியானத்துக்கு முந்தி வந்திடலாம் தானே? அவருக்குச் சோறு குடுக்க வேணும்."

டொக்டர் சிங்களவர். அமைதியான ஆள். அம்மாவும் அவரும் சிங்களத்தில்தான் கதைத்தார்கள். எனக்கும் சிங்களம் விளங்கும், ஓரளவு கதைக்கவும் வரும். அவர் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன்.

காலைத் தொட்டுப் பார்த்தார். கையை எடுத்துவிட்டு ஒரு கதிரையை இழுத்து அம்மாவுக்கு நேராக உட்கார்ந்தார். டொக்டர்மார் உட்கார்ந்து கதைத்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"அம்மே, உள்ளே கிருமி போயிருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். இதற்கு இரண்டு வழி இருக்கிறது. கிருமி புதிதாக வந்ததென்றால், திறந்து நன்றாகக் கழுவி, நடுவில் இருக்கிற பிளாஸ்டிக்கை மட்டும் மாற்றிவிட்டு இரும்பை அப்படியே விடலாம். கொஞ்ச நாளில் வீட்டுக்குப் போகலாம். கிருமி வந்து நாளாகிவிட்டதென்றால் அப்படிச் செய்ய முடியாது. தண்ணீர்த் தொட்டிக்குள் வழுவழு என்று பாசி பிடிக்குமே, அந்த மாதிரி இரும்பில் ஒட்டியிருக்கும். கழுவினால் போகாது. எல்லாவற்றையும் கழற்றி எடுக்க வேண்டும். அந்த இடத்தில் மருந்து கலந்த சீமெந்துக் கட்டி ஒன்று வைத்து, கிழமைக்கணக்கில் மருந்து ஏற்றி, கிருமி போய்விட்டது என்று தெரிந்த பிறகுதான் புது முழங்கால். இரண்டு ஒப்பரேசன். நடுவில் மாதக்கணக்கில் கால் மடங்காது."

அம்மா கவுனை இழுத்து முழங்காலை மூடினார்.

"அதனால்தான் கேட்கிறேன். இது எப்போது கசியத் தொடங்கியது?"

அம்மா யோசிக்கவே இல்லை. "நேற்று. ஞாயிற்றுக்கிழமை" என்றார்.

"அதற்கு முதல்?"

"ஒன்றும் இல்லை."

"மருந்து ஏதாவது எடுத்தீர்களா?"

"இல்லை."

டொக்டர் தம்பியைப் பார்த்தார். தம்பி குனிந்து அம்மாவின் செருப்பைச் சரிசெய்தார். குளிசை வாங்கியவர் அவர். அதைச் சொல்லப் பயம். பிறகு டொக்டர் என்னைப் பார்த்தார். "நீங்கள்தானே கூட இருப்பது? எப்போது?"

பிள்ளைகளே, இந்த இடத்துக்காகத்தான் நான் இவ்வளவும் எழுதினேன். உங்களுக்கும் இது வரும். வீட்டுக்காரர் ஒன்று சொல்லியிருப்பார், நீங்கள் வேறொன்றைப் பார்த்திருப்பீர்கள், கேட்கிறவர் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். யோசிக்க நேரம் இருக்காது.

நான் முதன்முதல் ஓர் ஆஸ்பத்திரி வார்ட்டில் கூட்டித் துடைக்கிற வேலையில் இருந்தபோது, அங்கே இருந்த ஒரு நர்ஸ் மிஸ் எங்களுக்குச் சொல்வார்: "என்ன நோய் என்று நீங்கள் சொல்லாதீர்கள். ஏன் வந்தது என்றும் சொல்லாதீர்கள். என்ன கண்டீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்." அது அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வந்தது என்று எழுதினால் பொய். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. காது சூடாகியது, அவ்வளவுதான். ஆனால் பழக்கத்தில் வாய் அப்படித்தான் போனது.

"முந்தியும் கசிஞ்சிச்சு, டொக்டர். நின்னு, திரும்ப வந்திருக்கு. மிச்சத்தை அம்மா சொல்லுவாங்க."

இதற்கு மேல் நான் சொல்லவில்லை. முழந்தாளில் போனதை நான் கண்ணால் காணவில்லை, அது அவருடைய விஷயம். குளிசை தம்பியின் விஷயம். கசிந்ததை நான் கண்டேன்.

டொக்டர் அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். யாரையும் பொய்க்காரர் ஆக்கவில்லை. "சரி, முதலில் இரத்தம் கொடுத்து எக்ஸ்ரே எடுத்துவிட்டு வாருங்கள். பிறகு கதைப்போம்" என்றார். நல்ல மனுஷன். எங்களுக்கு நேரம் தந்தார் என்று பிறகுதான் விளங்கியது.

எக்ஸ்ரே அறைக்கு வெளியே வாங்கில் உட்கார வைத்ததும் அம்மா தொடங்கினார்.

"உனக்கு என்ன தேவைக்கு வாய்? வீட்டுக்குப் போனதும் உடுப்பை எடுத்துக்கொண்டு போ. ஒஃபிசுக்குச் சொல்லி வேற ஆளை எடுக்கிறன்."

"எடுங்கம்மா. ஆனா கால்…"

"அது நிண்ட பிறகு வந்தது புதுசு. நான் பொய் சொல்லேல்ல. அது வேற, இது வேற."

"ரெண்டும் ஒரே எடத்துலதாங்க வந்திச்சு."

"நீ டொக்டரோ?"

"இல்லீங்க."

"அப்ப வாயை மூடு. தோட்டத்தில கொழுந்து பறிச்ச ஆக்கள் வந்து எனக்குப் படிப்பிக்கினம்."

நான் வாயை மூடினேன். நான் தேயிலைக் கொழுந்து பறித்ததில்லை, என் அம்மாதான் பறித்தார். அதைச் சொல்கிற நேரம் அது இல்லை. ஏசுகிறவர்களை ஏசவிடுங்கள். ஏசும்போதுதான் உள்ளே கிடக்கிறது வெளியே வரும். அவர் தம்பியின் பக்கம் திரும்பினார்.

"நீ ஏன் பேசாமல் இருக்கிறாய்? சொல்லன் அந்த டொக்டருக்கு, கழுவினால் போதும் எண்டு."

"அம்மா, கழட்டத்தான் வேணும் எண்டால் கழட்டத்தானே வேணும்."

"கழட்டினால் மாசக்கணக்கில நான் கட்டிலில. அப்ப அப்பாவை?"

தம்பி எக்ஸ்ரே சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"சொல்லு. அப்பாவை என்ன செய்வாய்? அந்த வயோதிபர் ஹோமில கொண்டுபோய் விடுவாய்."

"நான் எப்பம்மா அப்பிடிச் சொன்னனான்?"

"போன கிறிஸ்மஸுக்கு. கேக் வெட்டேக்க. 'இப்ப நல்ல ஹோம் எல்லாம் இருக்கு' எண்டு சொன்னனீ இல்லையோ? அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தவர்."

"அது சும்மா கதைக்குச் சொன்னது!"

"சும்மா சொல்லுற கதையோ அது? அவர் அங்க ஒரு நேரமும் சாப்பிட மாட்டார். என்ர கையால இல்லாட்டிச் சாப்பிடமாட்டார் எண்டு உனக்குத் தெரியும். மூண்டு நாளில செத்திடுவார். எனக்குப் புதுக் கால் வரேக்க அவர் இருக்க மாட்டார்."

இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. மடியில் இருந்த ஹேண்ட்பேக்கின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கினார். விரல் நுனி வெளுத்துப்போனது. சுற்றி இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கேட்டதற்குப் பொய் சொல்கிற நோயாளி எதையோ காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். அதை நாம் கண்டுபிடித்துவிட்டால் பொய்யோடு மல்லுக்கு நிற்கத் தேவையில்லை. இதை அந்த வாங்கில்தான் விளங்கிக்கொண்டேன். நான் தம்பியைப் பார்த்துக் கேட்டேன்: "தம்பி, நீங்க வந்து இருக்க முடியுங்களா? நான் அம்மாவோட ஆஸ்பத்திரியில இருந்தா, ஐயாகூட ராவுல ஆள் வேணும். பகல்ல நான் வந்து பாத்துக்குவேன்."

தம்பி அம்மாவின் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"வந்து நிக்கிறன்" என்றார். "கொட்டாஞ்சேனையில இருந்து வேலைக்குப் போறன். ஹோம் இல்லை, அம்மா. சத்தியமா இல்லை."

"உன்ர மனுசி?"

"அவளோட நான் கதைக்கிறன்."

"சாப்பாடு?"

தம்பி என்னைப் பார்த்தார். "பழக்கிப் பாக்கலாங்கம்மா" என்றேன். "முடியும்னு நான் சொல்ல மாட்டேன். பாக்கலாம்." முடியும் என்று சொல்லியிருந்தால் அவர் நம்பியிருக்கமாட்டார்.

எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு மறுபடி உள்ளே போனோம். டொக்டர் கேட்கும் முன்பே அம்மா சொல்லத் தொடங்கினார். செவ்வாய்க்கிழமை, நேர்த்தி, வாசல், பீடம், கறை, எல்லாம். தம்பியும் குளிசை மட்டையைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். வெறும் மட்டை. முழுவதையும் போட்டு முடித்திருந்தது.

நான் டொக்டர் ஏசுவார் என்று நினைத்தேன். அவர் அம்மாவைப் பார்த்து, "பாதி வழியில் யாரும் எழும்பச் சொல்லவில்லையா?" என்றுதான் கேட்டார்.

"சொன்னார்கள்" என்றார் அம்மா. "நான்தான் கேட்கவில்லை."

"அதனால்தான் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். பல்லிலிருந்தும் வரும், காலில் ஒரு சின்ன வெடிப்பிலிருந்தும் வரும், எங்கள் ஒப்பரேசன் தியேட்டரிலிருந்தும் வரலாம். ஏன் வந்தது என்பது இப்போது முக்கியமில்லை. நேற்றுத்தான் தொடங்கியது என்று நினைத்து நான் கழுவி மட்டும் விட்டிருந்தால், பெரும்பாலும் திரும்ப வந்திருக்கும். திரும்பத் திறக்க வேண்டியிருந்திருக்கும்." பிறகு தம்பியிடம் சொன்னார்: "முழங்காலில் ஊசி போட்டு நீர் எடுத்து, அது என்ன கிருமி என்று பார்க்க வேண்டும். நான் சொல்லும் வரை ஒரு குளிசையும் கொடுக்காதீர்கள். குளிசை உள்ளே இருந்தால் கிருமி ஒளித்துக்கொள்ளும். எங்களுக்கு எந்த மருந்து கொடுப்பது என்று தெரியாமல் போகும்."

இதை நீங்கள் நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் அன்பில்தான் குளிசை வாங்கி வருவார். தட்டிப் பறிக்காதீர்கள். ஆனால் டொக்டருக்கோ மிஸ்ஸுக்கோ ஒரு கோல் எடுத்துக் கேட்கும் வரைக்கும் அதைப் பிரிக்க வேண்டாம் என்று கேளுங்கள். அவர்கள் உங்கள் பேச்சைக் கேட்காவிட்டால், போட்டதையாவது மறைக்கவிடாதீர்கள்.

என்னை வேலையிலிருந்து நிற்பாட்டுவது பற்றி அம்மா பிறகு கதைக்கவே இல்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. ஓட்டோவில் திரும்பும்போது, "உள்ளுக்குத் தள்ளி இரு, மழை அடிக்குது" என்றார்.

கழற்றுகிற ஒப்பரேசன் நடந்தது. அம்மா ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிக்கொண்டு படுத்திருந்தார். தம்பி ஒரு பையோடு கொட்டாஞ்சேனைக்கு வந்துவிட்டார். ராவில் நான் அம்மாவிடம் இருப்பேன், பகலில் ஐயாவிடம்.

ஐயா சாப்பிடவில்லை. நாங்கள் செய்து பார்க்காதது இல்லை. அம்மாவின் சோற்றுக் கோப்பையில் போட்டுப் பார்த்தோம். அம்மாவின் சால்வையை நான் போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தேன். ஐயா என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே வெட்கமாகிவிட்டது. சத்துமாவும் கஞ்சியும் மட்டும் கொஞ்சம் இறங்கியது. கன்னம் ஒட்டியது. அம்மா தினமும் கேட்பார், "சாப்பிட்டவரோ?" நான் "கஞ்சி குடிச்சாருங்க" என்பேன். அது உண்மை. அவர் மேலே கேட்கமாட்டார். கேட்டால் எழும்பி வந்துவிடுவார் என்று அவருக்கே பயம்.

ஒரு சனிக்கிழமை தம்பி வெளியில் போய் ஒரு சோற்றுப் பார்சல் வாங்கி வந்து, டீவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டு தகப்பனின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நல்ல மணம். கருவாட்டுப் பொரியலும் சம்பலும். நான் குசினியில் அடுப்பு வேலையாக இருந்தேன். திடீரென்று தம்பி, "அக்கா! அக்கா!" என்று கத்தினார். புரையேறிவிட்டது என்று நினைத்து ஓடினேன். ஐயா வாயைத் திறந்துகொண்டு இருந்தார். தம்பியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடுக்கவா?"

"நிமித்தி உக்கார வைங்க. கொஞ்சமா வைங்க. கருவாடு வேணாம்."

தம்பி ஓர் உருண்டை வைத்தார். ஐயா மென்றார். கண்ணில் தண்ணீர் வந்தது, உறைப்பு. மறுபடி வாயைத் திறந்தார்.

"இவ்வளவு நாளும் அம்மா உப்புப் புளி இல்லாமல் தந்து கொடுமைப்படுத்தியிருக்கிறா" என்றார் தம்பி. சிரித்துக்கொண்டே அடுத்த உருண்டையைப் பிடித்தார். அன்றிலிருந்து தம்பியின் கையால் சாப்பிட்டார். கடைச் சோறு வேண்டாம் என்று நான் வீட்டிலேயே கொஞ்சம் உறைப்பாகச் சமைத்தேன். என் கையால் மட்டும் கடைசிவரை சாப்பிடவில்லை.

இதை அம்மாவுக்குச் சொல்லாமல் வைப்போம், வீட்டுக்கு வரும்போது பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று தம்பி சொன்னார். எனக்கும் அது நல்லதாகத்தான் பட்டது.

அம்மா வீட்டுக்கு வந்தது ஒரு மத்தியானம். கால் நீட்டியபடி, மடங்காமல், சக்கர நாற்காலியில். நான் வாசலில் தள்ளிக்கொண்டு நுழைந்தபோது தம்பி ஐயாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். வேண்டுமென்றே அந்த நேரத்துக்கு வைத்திருந்தார்.

அம்மா பார்த்தார். நாற்காலியின் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டார்.

"எப்ப இருந்து?"

"கன நாளம்மா. உங்களுக்குக் காட்ட வேணும் எண்டுதான்…"

"நல்லது" என்றார் அம்மா. "என்னைக் கட்டிலில விடு, பாக்கியம்."

அன்று அவர் சாப்பிடவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். ஐயா சாப்பிட மாட்டார் என்றுதான் அவர் பயந்தார். சாப்பிடுவார் என்பது அதைவிடப் பெரிய அடி என்று நாங்கள் இரண்டு பேரும் யோசிக்கவில்லை. நல்ல செய்தி என்றாலும் மறைத்து வைக்காதீர்கள், பிள்ளைகளே. படுத்திருக்கிறவருக்கு வீட்டில் நடப்பது அன்றன்றைக்குத் தெரிய வேண்டும்.

மறுநாள் அம்மா தானே ஊட்டப் பார்த்தார். நீட்டிய கால் கட்டிலில் இடித்தது. நாற்காலி கிட்டப் போகவில்லை. எட்டி எட்டிக் கொடுத்ததில் பாதி ஐயாவின் நெஞ்சில் சிந்தியது. கோப்பையைத் தம்பியிடம் நீட்டினார்.

"நீயே குடு. மீன் போட்டிருக்கு. முள்ளைப் பார். அப்பிடி இல்ல, விரலால நசிச்சுப் பார். உனக்கு நான் ஒண்டும் பழக்கேல்ல."

"நீங்க விட்டாத்தானே பழக."

"ஓம், இனிக் கதை."

அந்த மாதங்கள் முழுக்க அப்படித்தான் போனது. அம்மா நாற்காலியில் இருந்து ஏசுவார், தம்பி ஊட்டுவார், ஐயா இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு மெல்லுவார். நான் கவனித்தது காலை மட்டும். சூடு இறங்கியது. வடு வெளுத்தது. பிறகு மறுபடி ஊசியில் நீர் எடுத்துப் பார்த்தார்கள், கிருமி இல்லை என்று வந்தது. புது முழங்கால் வைத்தார்கள். முந்தி மாதிரி மடங்காது. படி ஏறும்போது கைப்பிடி வேண்டும். ஆனால் தன் காலில் நடக்கிறார். எல்லாருக்கும் இப்படி முடிவதில்லை என்பதையும் எழுதுகிறேன். நான் பார்த்த இன்னொருவருக்கு முழங்காலை நிரந்தரமாக நேராக இறுக்கிவிட வேண்டி வந்தது.

அந்தப் புது முழங்கால் ஒப்பரேசனுக்கு அம்மாவை வார்ட்டில் சேர்த்த காலையை மட்டும் எழுதி நிற்பாட்டுகிறேன். சின்ன வயது மிஸ் ஒருவர் கட்டில் அருகே நின்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் துணிப் பையோடு பக்கத்தில் நின்றேன்.

"காய்ச்சல் ஏதாவது?"

"இல்லை."

"வேறு குளிசை ஏதாவது எடுத்தீர்களா?"

"போன கிழமை தலையிடிக்கு ரெண்டு பனடோல். முந்தாநாள் இருமலுக்குக் கொத்தமல்லி அவிச்சுக் குடிச்சனான். அதோட ஒரு…"

"போதும் அன்ரி, போதும்" என்று மிஸ் சிரித்தார். "புண், கசிவு, விழுந்தது?"

"ஒண்டும் இல்லை. முழந்தாளிலயும் நிக்கேல்ல."

மிஸ்ஸுக்கு அது விளங்கவில்லை. விளக்கமும் கேட்கவில்லை.

"வீட்டில் யார் இருக்கிறார்கள்?"

"என்ர மனுசன். பாரிசவாதம்."

"அவரை யார் பார்ப்பது?"

அம்மா போர்வையை இடுப்புவரை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

"மகன் இருக்கிறான்" என்றார். "இன்னும் முள்ளுப் பாக்கத் தெரியாது. ஆனா இருக்கிறான்."

மிஸ் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.